விமானத்தின் கியர் மேலே போகும்போது மட்டும் வரும் ஃபால்ட்: ஒயரில் எங்கே தேடுவது?

ஹேங்கர்_பூனை | திங்கள், இரவு 10:42

அனைவருக்கும் வணக்கம். ஏவியானிக்ஸ் (விமான மின்னணு) லைசென்ஸ் கைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரட்டை எஞ்சின் ஜெட் ஒன்று, வயது இருபதைத் தாண்டியது. மூன்று வாரத்தில் ஐந்து முறை ஒரே புகார். டேக்-ஆஃப் ஆகி கியரை (சக்கரக் காலை) மேலே இழுக்கும்போது வலது மெயின் கியர் ப்ராக்ஸிமிட்டி சென்சார் (கியர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வது) ஃபால்ட் என்று செய்தி வருகிறது, இரண்டு மூன்று நொடியில் தானாகவே போய்விடுகிறது. இறங்கியபின் பார்த்தால் எல்லாம் சரி. முதல் தடவை சென்சாரை மாற்றினோம். அடுத்த தடவை கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து போட்டோம். மூன்றாவது தடவை, சென்சார் ஒயர் போய்ச் சேருகிற மின்னணுப் பெட்டியையே மாற்றினோம். லாக்புக்கில் ஒவ்வொரு முறையும் அதே வரி: "தரையில் சோதிக்கப்பட்டது, குறை எதுவும் இல்லை." அதை எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்தேன். முனைக்கு முனை ஒரு ஓமுக்குள். ஸ்டோரில் டி.டி.ஆர் கருவி (எதிரொலியை வைத்து ஒயர்க் கோளாறு எத்தனை தூரத்தில் என்று சொல்வது) ஒன்று தூசி படிந்து கிடக்கிறது, யாரும் தொடுவதில்லை. அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா, இல்லை ஹார்னெஸையே (ஒயர்க்கட்டையே) முழுதாக மாற்றச் சொல்லி எழுதிவிடலாமா?

ஓய்வுபெற்ற_ரேடியோ | திங்கள், இரவு 11:15

தம்பி, மல்டிமீட்டர் அனுப்புகிற மின்னோட்டத்துக்கு ஒரே ஒரு இழை போதும். 22 கேஜ் ஒயரில் 19 இழை இருக்கும். பதினெட்டு அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் உன் மீட்டர் சந்தோஷமாக பீப் அடிக்கும். அதை நம்பிப் பெட்டியை மாற்றினீர்களாக்கும்!

கியர் மடங்கும்போது வருகிறது என்று நீயே சொல்லிவிட்டாய். அப்படியென்றால் ஃபால்ட் அசைகிற இடத்தில் இருக்கிறது. டார்ச், சின்னக் கண்ணாடி, பூதக்கண்ணாடி மூன்றையும் எடுத்துக்கொண்டு வீல் வெல்லுக்குள் (கியர் மடங்கி உட்காருகிற அறைக்குள்) போ. ஒயர்க்கட்டைப் பிடித்திருக்கிற ஒவ்வொரு கிளாம்பாகப் பார். முப்பது வருடத்தில் நான் கண்ட ஒயர் ஃபால்ட்களில் பாதிக்கு மேல் கிளாம்ப் பக்கத்தில்தான் இருந்தன, மீதி கனெக்டரின் பின்பக்கம். கருவியெல்லாம் அப்புறம்.

நானோநொடி | திங்கள், இரவு 11:58

ஐயா சொல்வது சரி, ஆனால் அந்த டி.டி.ஆரை எடுத்துத் தூசி தட்டுங்கள். உங்கள் வழக்குக்கு அது பொருத்தமான கருவி.

அது வேலை செய்வது கிணற்றுக்குள் குரல் கொடுத்து எதிரொலி கேட்பது மாதிரிதான். ஒயருக்குள் ஒரு மின்துடிப்பை அனுப்புகிறோம். வழியில் இம்பீடன்ஸ் (துடிப்புக்கு ஒயர் காட்டுகிற மின்தடை) எங்கெல்லாம் மாறுகிறதோ அங்கெல்லாம் அதில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. ஒயர் அறுந்திருந்தால் திரையில் கோடு மேலே எழும்பும், ஷார்ட்டாக இருந்தால் கீழே விழும். போய்த் திரும்ப எடுத்த நேரத்தில் பாதியை வேகத்தால் பெருக்கினால் தூரம்.

வேகம் என்ன என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். இன்சுலேஷனைப் பொறுத்து அது மாறும். ஒளியின் வேகத்தில் 70 சதவீதம் என்று வைத்தால் நானோநொடிக்கு 21 செ.மீ. போய்வர வேண்டும் என்பதால், திரையில் ஒரு நானோநொடி ஒயரில் பத்தரை செ.மீ. கருவியில் யாரோ எப்போதோ 66 என்று போட்டு வைத்திருப்பார்கள், ஒயர் 70 ஆக இருக்கும். பதினேழு மீட்டர் ஒயரில் அதுவே ஒரு மீட்டர் தவறு. ஒரு மீட்டர் தள்ளித் தேடினால் நல்ல கிளாம்பைக் கழற்றிப் புண்ணாக்குவீர்கள்.

அதனால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். அந்தக் கியரில் இரண்டாவது சிஸ்டத்துக்கு இன்னொரு சென்சார் இருக்கும், அதன் ஜோடி ஒயரும் அதே கட்டில் போகும். அந்த நல்ல ஜோடியின் முனை திரையில் எத்தனை மீட்டரில் தெரிகிறது என்று பாருங்கள். வயரிங் மானுவலில் உள்ள நீளத்தோடு ஒப்பிட்டால் கிடைக்கிற விகிதம்தான் உங்கள் அளவுகோல். நீங்கள் சொல்கிற சென்சார்களுக்கு முறுக்கிய ஜோடியும் மேலே ஷீல்டும் (உலோகப் பின்னல் உறை) இருக்கும், அது ஒரு வசதி. தனி ஒயர் ஒன்று விமான உடம்பையே ரிட்டர்னாக வைத்துக்கொண்டு போனால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் இம்பீடன்ஸ் ஏறி இறங்கும், திரையில் மலைத்தொடர்தான் தெரியும்.

இன்னொன்று, தரையில் சும்மா நிற்கிற விமானத்தில் மாட்டிப் பார்த்தால் டி.டி.ஆரும் "எல்லாம் சரி" என்றுதான் சொல்லும். ஃபால்ட் வருகிற நேரத்தில் கருவி அங்கே இருக்க வேண்டும்.

துரு_ஸ்பானர் | செவ்வாய், காலை 6:20

மெக்கர் (உயர் வோல்டேஜில் இன்சுலேஷனைச் சோதிக்கிற கருவி) போட்டுப் பார்க்கிற யோசனை வந்தால் இரண்டு முனையும் கழற்றியாகிவிட்டதா என்று மூன்று தடவை பாருங்க. நான் புதிதாகச் சேர்ந்த காலத்தில், எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், ஒரு புண்ணியவான் பெட்டி மாட்டியிருக்கும்போதே 500 வோல்ட்டைத் தட்டினார். ஒயர் இன்சுலேஷன் பிரமாதமாக இருந்தது. பெட்டி போச்சு. விலை கேட்டு ஒரு வாரம் யாரும் யாரோடும் பேசவில்லை.

டி.டி.ஆர் இல்லாத ஊருக்கு ஒரு வழி உண்டு. ஒயர் முழுசாக அறுந்திருந்தால் கபாசிட்டன்ஸ் மீட்டர் போதும். ஒயருக்கும் ஷீல்டுக்கும் இடையே எத்தனை பிக்கோஃபேரட் என்று பாருங்க. நல்ல ஒயரில் 1,700 காட்டி, அறுந்ததில் 1,000 காட்டினால், பதினேழில் பத்து பங்கு தூரத்தில் அறுந்திருக்கிறது. பத்து ரூபாய் கணக்கு. ஆனால் தம்பியுடையது வந்து வந்து போகிற கேஸ், அங்கே இது உதவாது.

பின்வரிசை_ஜன்னல் | செவ்வாய், காலை 9:05

நான் இந்தத் துறை இல்லை, படிக்க மட்டும் வருகிறவன். ஒரு சந்தேகம். ஒயரில் கோளாறு வந்தால் சர்க்யூட் பிரேக்கர் விழுந்துவிடாதா? வீட்டில் எலி கடித்தாலே டிரிப் ஆகிறதே. இதற்கு இவ்வளவு பாடா?

ஓய்வுபெற்ற_ரேடியோ | செவ்வாய், காலை 10:31

நல்ல கேள்வி ஐயா. விமானத்தில் பெரும்பாலும் இருப்பது வெப்பத்தால் வேலை செய்கிற பிரேக்கர். உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய தகடு ஒன்று சூடாகி வளைந்தால்தான் விழும். ஒயர் அதிகச் சுமையில் வேகாமல் காப்பதுதான் அதன் வேலை. ஆர்க் என்பது (இடைவெளியில் தாவுகிற மின்பொறி) வேறு ஜாதி. மில்லிநொடிக் கணக்கில் பளிச் பளிச்சென்று வந்து போகும். அந்தப் புள்ளியில் உலோகமே உருகும், ஆனால் சராசரி மின்னோட்டம் தகட்டை வளைக்கிற அளவுக்கு ஏறாது. அங்கே தீப்பிடித்துக்கொண்டிருக்கும், இங்கே பிரேக்கர் உட்கார்ந்திருக்கும்.

ஸ்விஸ்ஏர் 111 அப்படித்தான் போனது. 1998 செப்டம்பர் 2, நியூயார்க்கிலிருந்து ஜெனீவா போன எம்டி-11. காக்பிட்டில் வித்தியாசமான வாடை என்று பைலட்கள் கவனித்ததிலிருந்து நோவா ஸ்கோஷியா கரையோரம் கடலில் விழுந்தது வரை சுமார் 21 நிமிடம். 229 பேர். கனடா விசாரணைக் குழு நான்கரை வருடம் உழைத்துச் சொன்னது: காக்பிட் கூரைக்கு மேலே ஒயரில் ஆர்க், பக்கத்தில் எளிதில் பற்றுகிற உறைபோட்ட இன்சுலேஷன் போர்வை. பயணிகள் பொழுதுபோக்கு சிஸ்டத்தின் ஒயர்களில் ஆர்க் தடயம் கிடைத்தது. ஆனால் அதுதான் முதல் பொறி, அது மட்டும்தான் என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. இவ்வகை ஆர்க்குகளை அந்தக் காலத்துப் பிரேக்கர்களால் தடுக்க முடியாது என்பதையும் எழுதிவைத்தார்கள்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் டி.டபிள்யூ.ஏ 800. 1996 ஜூலை 17, லாங் ஐலண்டுக்கு வெளியே, 747, 230 பேர். நடு டேங்கில் எரிபொருள் ஆவி வெடித்தது. பொறி எங்கிருந்து என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டேங்குக்கு வெளியே ஏதோ ஷார்ட் ஆகி, எரிபொருள் அளவு காட்டுகிற ஒயர் வழியாக அதிக வோல்டேஜ் உள்ளே போயிருக்கலாம் என்பதே மிகச் சாத்தியமான காரணம் என்றார்கள்.

ஆகவே ஒரு பிரேக்கர் விழுந்தால் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்க்கிற பழக்கம் இருக்கிறதே, அதை நான் பார்த்தாலே திட்டுவேன். அது விழுந்ததே பெரிய விஷயம்.

நானோநொடி | செவ்வாய், பிற்பகல் 1:12

ஆர்க்கைக் கையெழுத்து பார்த்துக் கண்டுபிடிக்கிற பிரேக்கர்கள் பிறகு வந்தன. மின்னோட்ட அலையின் வடிவத்தைக் கவனித்துத் துண்டிப்பவை. அதிலும் ஒரு தொந்தரவு உண்டு. மோட்டார் ஓட ஆரம்பிப்பதும் விளக்கு போடுவதும்கூடச் சில நேரம் ஆர்க் மாதிரியே தெரியும். தவறாக விழுந்துகொண்டே இருந்தால் பைலட் அதை நம்ப மாட்டார்.

துண்டித்த பிறகும் எங்கே ஆர்க் வந்தது என்று தெரியாது என்பதுதான் இந்த உரையாடலுக்குரிய விஷயம். ஒரு ஏ380-இல் சுமார் 530 கி.மீ ஒயர், 40,000 கனெக்டருக்கு மேல். நிறுத்திவிட்டால் மட்டும் போதுமா?

ஹேங்கர்_பூனை | செவ்வாய், இரவு 9:47

எல்லோருக்கும் நன்றி. இன்று ஷிஃப்டில் ஐயா சொன்னபடி வீல் வெல்லுக்குள் இரண்டு மணி நேரம் போய்ப் பார்த்தேன். ஹைட்ராலிக் எண்ணெயும் தூசியும் சேர்ந்து களிம்பு மாதிரி எல்லாவற்றையும் மூடியிருக்கிறது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். வெளியே தெரிகிற ஒயர்களில் எதுவும் தென்படவில்லை. கட்டின் நடுவில் இருக்கிற ஒயரை எப்படிப் பார்ப்பது?

இன்னொரு கேள்வி. இன்சுலேஷன் தேய்ந்து, இழை இன்னும் அறாத நிலையிலேயே டி.டி.ஆர் காட்டிக் கொடுக்குமா?

நானோநொடி | செவ்வாய், இரவு 10:30

காட்டாது. கருவி விற்கிறவர் வேறு மாதிரி சொல்வார்.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஒயர் ஜோடியின் இம்பீடன்ஸ் 75 ஓம் என்று வையுங்கள். இன்சுலேஷன் சில மில்லிமீட்டர் நீளத்துக்குத் தேய்ந்தால் அந்த இடத்தில் ஓரிரு ஓம்தான் மாறும். திரும்பி வருகிற எதிரொலி ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோ. தேய்ந்த பகுதி துடிப்பின் நீளத்தைவிட மிகச் சிறியது என்பதால் அதுவும் கரைந்துபோகும். கட்டைக் கையால் லேசாக நகர்த்தினாலே அதைவிடப் பெரிய மாற்றம் வரும். யூட்டா பல்கலைக்கழகத்தில் சிந்தியா ஃபர்ஸ் குழுவினர் இதை அளந்தே காட்டினார்கள். முழு ஓப்பன், முழு ஷார்ட் இரண்டையும் சில செ.மீ துல்லியத்தில் பிடிக்கலாம், வெறும் தேய்மானம் சத்தத்தில் மூழ்கிவிடும்.

ஓய்வுபெற்ற_ரேடியோ | செவ்வாய், இரவு 10:52

அதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன். கண்தான்.

நானோநொடி | செவ்வாய், இரவு 11:04

கண்ணும் முழுசாக உதவாது ஐயா. ஸ்விஸ்ஏருக்குப் பிறகு அமெரிக்காவில் ஓய்வு கொடுத்த விமானங்கள் சிலவற்றின் ஒயர்க்கட்டுகளைப் பிரித்து ஆய்வகத்தில் பார்த்தபோது, வெளியிலிருந்து பார்த்துப் பிடிக்காத இன்சுலேஷன் விரிசல்கள் பல உள்ளே இருந்தன. பார்ப்பதற்காகக் கட்டைப் பிரித்து வளைத்தால் பழைய ஒயர் அந்த வளைப்பிலேயே விரிசல் விடும்.

ஓய்வுபெற்ற_ரேடியோ | செவ்வாய், இரவு 11:40

அது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். குறிப்பாகக் காப்டான் என்கிற பிளாஸ்டிக் இன்சுலேஷன். மெல்லியது, லேசு, சூடு தாங்கும் என்று 70களில் எல்லோரும் அதன் பின்னால் ஓடினார்கள். ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் வருடக்கணக்கில் நொறுங்கிப் போகும், வளையம் வளையமாக வெடிக்கும். அங்கே ஆர்க் வந்தால் காப்டான் கரியாகும், கரி மின்சாரம் கடத்தும், ஆர்க் ஒயர் நெடுக ஓடிப் பக்கத்து ஒயர்களையும் சேர்த்துத் தின்னும். கருகிய கட்டு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். நாற்பது ஒயர், கத்தியால் ஒரே வெட்டாக வெட்டியதுபோல. அமெரிக்கக் கடற்படை 80களின் நடுவில் புதிய விமானங்களுக்கு அதை வேண்டாம் என்றது சும்மாவா?

விண்வெளி ஓடத்திலும் அதே ஒயர்தான். 1999 ஜூலையில் கொலம்பியா கிளம்பி ஐந்தாவது நொடியில் ஒரு ஷார்ட், இரண்டு எஞ்சின்களில் தலா ஒரு கட்டுப்பாட்டுக் கணினி போய்விட்டது, அவற்றின் ஜோடிக் கணினிகள் கைகொடுத்ததால் தப்பித்தது. இறங்கியபின் தேடினால், பிசிறு நீட்டிக்கொண்டிருந்த ஒரு ஸ்க்ரூ தலையில் ஒயர் உரசியிருந்தது. ஒரு ஸ்க்ரூ! அதற்காக மொத்த ஓடங்களையும் நிறுத்தி ஒயர் ஒயராகப் பார்த்தார்கள்.

துரு_ஸ்பானர் | புதன், காலை 6:02

ஸ்க்ரூ பேச்சு வந்ததால் சொல்கிறேன், நம்ம ஆட்களே பாதி எதிரி. துளை போட்டுவிட்டு உலோகத் துருவலை உறிஞ்சாமல் போவார்கள், அது கட்டுக்குள் இறங்கி அதிர்வில் அரம் மாதிரி வேலை செய்யும். கட்டைப் பிடித்துத் தொங்கி மேலே ஏறுவார்கள். கழிவறைக்குக் கீழே நீலத் தண்ணீர் ஒழுகி ஊறிய கட்டைத் துடைத்துவிட்டு "சரி" என்று எழுதுவார்கள். 2007-இல் அமெரிக்க விதி மாறி, ஒயரிங்கையும் ஒரு தனி சிஸ்டமாகப் பார்க்க வேண்டும் என்று வந்த பிறகுதான் கொஞ்சம் பயம் வந்தது. அதுவரை ஒயர் என்றால் கட்டிப்போட்டு மறந்துவிடுகிற சாமான்.

பின்வரிசை_ஜன்னல் | புதன், காலை 8:48

ஃபால்ட் பறக்கும்போதுதான் வருகிறது என்றால் பறக்கும்போதே அளக்கிற கருவி இல்லையா?

நானோநொடி | புதன், காலை 9:33

உண்டு, அதே யூட்டா குழு 2000களில் உருவாக்கியது. சாதாரண டி.டி.ஆர் துடிப்பை 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் விமான மின்சாரம் ஓடுகிற ஒயரில் அனுப்ப முடியாது. கருவி எரியும், இல்லையென்றால் சிஸ்டம் குழம்பும். அதனால் அவர்கள் ஒற்றைத் துடிப்புக்குப் பதிலாக, தற்செயல் போலத் தோன்றுகிற நீண்ட ஒன்று-சுழியக் கோவையை மிக மெல்லிய சிக்னலாக அனுப்பினார்கள். தேர்த் திருவிழாச் சத்தத்திலும் தன் பிள்ளை கூப்பிடும் குரல் அம்மாவுக்குத் தெரியும் இல்லையா, அப்படித்தான். அனுப்பிய கோவை எது என்று தெரிந்த கருவி, இரைச்சலுக்குள்ளிருந்து அதன் எதிரொலியை மட்டும் பொறுக்கி எடுக்கும். சில மில்லிநொடி வந்து போகிற ஆர்க் தற்காலிக ஷார்ட் மாதிரி தெரியும், தூரமும் கிடைக்கும்.

ஆனால் எல்லா விமானத்திலும் எல்லா ஒயருக்கும் ஒன்று வைப்பது நடக்கிற காரியமில்லை. வைக்கிற ஒவ்வொரு பெட்டியும் இன்னொரு கோளாறுக்கு வாசல், எடையும் கூட. பூனைக்கு இப்போது அது தேவையும் இல்லை. கியரை மேலே அனுப்பப் பறக்க வேண்டியதில்லையே, ஜாக்கில் ஏற்றினால் போதும்.

ஓய்வுபெற்ற_ரேடியோ | புதன், காலை 10:10

இதை ஒத்துக்கொள்கிறேன். ஜாக்கில் ஏற்றி கியர் ஸ்விங் போடு (கியரை மேலும் கீழும் ஓட்டிப் பார்). பெட்டி முனையில் டி.டி.ஆரை மாட்டு, திரையைப் பார்க்க ஒருவன் அங்கேயே இருக்கட்டும், ஹெட்செட்டில் பேசுங்கள். கியர் ஓடும்போது வீல் வெல்லுக்குள் ஒரு விரல்கூட இருக்கக் கூடாது. கதவு மூடுவதைக் கண்ணால் தொடர முடியாது தம்பி, அவ்வளவு வேகம்.

துரு_ஸ்பானர் | புதன், காலை 10:26

திரையை மொபைலில் வீடியோ எடுங்க. கண் சிமிட்டுகிற நேரத்தில் வந்துபோனால் அப்புறம் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஹைட்ராலிக் வண்டியின் ஓட்டத்தை மானுவல் அனுமதிக்கிற அளவு குறைத்தால் கியர் மெதுவாக ஏறும்.

ஹேங்கர்_பூனை | வெள்ளி, அதிகாலை 4:15

கிடைத்துவிட்டது. தூக்கம் வரவில்லை, எழுதிவிட்டே போகிறேன்.

நேற்றிரவு ஜாக் கிடைத்தது. கருவி 66 சதவீதத்தில்தான் இருந்தது, நானோநொடி அண்ணா சொன்னதேதான். நல்ல ஜோடியின் முனை 16.0 மீட்டரில் தெரிந்தது, மானுவலில் 17. அப்படியென்றால் உண்மையில் 70 சதவீதம். விகிதத்தை மாஸ்கிங் டேப்பில் எழுதிக் கருவி மேலேயே ஒட்டினேன்.

கியர் கீழே இருக்கும்போது இரண்டு ஜோடியின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று வைத்ததுபோல இருந்தன. முதல் ஸ்விங்கில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது தடவை, கியர் முக்கால்வாசி மேலே போனபோது, கோட்டின் நடுவில் ஒரு முள் எழும்பியது போலத் தோன்றியது. நிஜமா, கண் மயக்கமா என்று தெரியவில்லை. வீடியோவை நிறுத்திப் பார்த்தோம். மூன்றே ஃப்ரேமில் 13.9 மீட்டரில் கோடு செங்குத்தாக மேலே போயிருந்தது, அதற்கப்புறம் முனை தெரியவே இல்லை. ஓப்பன். அடுத்த இரண்டு ஸ்விங்கிலும் அதே இடம்.

13.9-ஐப் பதினேழால் பெருக்கிப் பதினாறால் வகுத்தால் 14.77. சென்சார் முனையிலிருந்து இரண்டேகால் மீட்டர். கியரை அசையாமல் பூட்டுகிற லாக் பின், பவர் ஆஃப் எல்லாம் முடித்து டேப் பிடித்து அளந்தால், கியர் கால் மடங்குகிற மூட்டுக்கு மேலே இருக்கிற கிளாம்பில் வந்து நிற்கிறது. செவ்வாய்க்கிழமை நான் துடைத்துப் பார்த்துவிட்டுப் போன அதே கிளாம்ப்.

கழற்றினோம். வெளிப்புற ரப்பர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள்பக்கம், சுவரை ஒட்டிய ஓரத்தில், ரப்பர் விலகி உலோக விளிம்பு ஒரு நகக்கண் அளவு நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேராக ஷீல்டு பிரிந்து, உள்ளே நீல ஒயரின் இன்சுலேஷன் வெட்டுப்பட்டு, இழைகள் கறுத்திருந்தன. பூதக்கண்ணாடியில் எண்ணினேன், இரண்டு இழை மட்டும் மிச்சம். லேசாக வளைத்தால் அவையும் விலகுகின்றன, விட்டால் ஒட்டிக்கொள்கின்றன.

ஓய்வுபெற்ற_ரேடியோ | வெள்ளி, காலை 6:50

சபாஷ். ஸ்ப்ளைஸ் (ஒயரை ஒட்டுப்போட்டு இணைப்பது) போட்டு முடித்துவிடவில்லையே? அசைகிற இடத்தில் அது நிற்காது. அப்புறம், ரப்பர் ஏன் விலகியது என்று பார்த்தாயா? கிளாம்ப் சைஸ் என்ன?

ஹேங்கர்_பூனை | வெள்ளி, இரவு 8:20

இல்லை ஐயா, கனெக்டரிலிருந்து சென்சார் வரை அந்தத் துண்டையே புதிதாகப் போட்டோம். அதற்குப் பிறகு பத்து ஸ்விங், கோடு அசையவில்லை.

சைஸ் பற்றி நீங்கள் கேட்ட பிறகுதான் பார்த்தேன். இருக்க வேண்டியதைவிட ஒரு சைஸ் பெரிய கிளாம்ப். எப்போதோ ஒருவர் ஸ்டோரில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார். கட்டு உள்ளே ஆடிக்கொண்டே இருந்து ரப்பரைத் தின்றிருக்கிறது. சந்தேகத்தில் இடது கியரிலும் அதே கிளாம்பைக் கழற்றினோம். அங்கேயும் பெரிய சைஸ்தான். ஷீல்டு ஒரு இடத்தில் மினுமினுவென்று தேய்ந்திருக்கிறது, உள் ஒயர் தப்பித்திருக்கிறது. டி.டி.ஆரில் அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை.

இதே வகையில் இன்னொரு விமானம் நாளை இரவு ஹேங்கருக்கு வருகிறது. சரியான சைஸ் கிளாம்ப் நான்கு எடுத்து வைத்திருக்கிறேன்.